ஊட்டி சுமோவின் ஹீட்டர்

டிசம்பர் 2, திங்கள்

இன்றைக்கும் திரும்பி வரும்போது அவருக்கு நடுக்கம். டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தால் கும்பகோணமே வெயிலில் காய்கிறது, அவருக்கு மட்டும் குளிர்கிறது. இரண்டு போர்வை, காதை மூடும் குரங்கு குல்லா, காலுக்கு என் பழைய சால்வை. அப்படியும் குடவாசல் வரும்வரை பல் தந்தியடித்தது.

"எலும்புக்குள்ள யாரோ ஐஸ் வெச்ச மாதிரி இருக்கு மலரு."

இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றேன். பாதி தூரம் மிச்சம் இருந்தது.

வாரத்தில் மூன்று நாள் இந்த ரோடு. திங்கள், புதன், வெள்ளி. போகும்போது இன்னும் சரியாக விடிந்திருக்காது. மழைக்காகக் கண்ணாடியை ஏற்றினால் எங்கள் மூச்சே படிந்து முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். அவர் துண்டால் ஒரு வட்டம் துடைத்துக் கொடுப்பார், அந்த வட்டம் வழியாகப் பார்த்து நான் ஓட்டுவேன். பக்கத்திலேயே ஆறு, தடுப்புச் சுவர் கிடையாது. வட்டம் மறுபடி மங்கும்போதெல்லாம் என் கால் பிரேக்குக்குப் போகும்.

நான் பயந்தாங்கொள்ளி. இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். என் இ-சேவைக் கடையில் பிரிண்டர் கொஞ்சம் சூடானாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். சிட்டா எடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று முணுமுணுப்பார்கள். இப்படிப்பட்டவளை சுமோ ஓட்ட வைத்தது அவருடைய கிட்னி.

டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கிறது, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. "இதைச் சிவப்புப் பக்கம் திருப்பினா சூடு வராதா?" என்று கேட்டேன். பல் தந்தியடிக்கும்போதே சிரித்தார். வண்டி முதலில் ஊட்டியில் ஓடியது. இங்கே வாங்கி வந்ததும் ஹீட்டரைத் துண்டித்துவிடச் சொன்னது அவர்தானாம்.

"நம்ம ஊருல எவனுக்குடி ஹீட்டர்?"

உங்களுக்குத்தான்.

டிசம்பர் 3, செவ்வாய்

நாள் முழுக்க மழை. கடையில் கூட்டமில்லை. ஹீட்டர் நினைப்பு போகவே இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

குடவாசல் ஜாஹித் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். சின்ன வயதுதான், வாய் மட்டும் நிறைய.

"அக்கா, ஏசி ரிப்பேருக்கு வருவாங்க. ஹீட்டர் ரிப்பேருக்கு இந்த ஜில்லாவிலேயே முதல் ஆளு நீங்கதான். போட்டோ எடுத்து மாட்டட்டுமா?"

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். பானெட்டைத் திறந்து காட்டினான். இன்ஜின் வெந்நீர் ஹீட்டருக்குள் போய்த் திரும்ப வேண்டிய இரண்டு குழாயையும் வெட்டி, ஒன்றோடொன்று வளைத்து மாட்டியிருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற வண்டி எல்லாவற்றுக்கும் இங்கே முதல் வேலை இதுதானாம். வெந்நீர் உள்ளே போகாவிட்டால் ஹீட்டர் எப்படிச் சூடாகும்?

அப்புறம் ப்ளோயரைக் கழற்றினான். காற்றாடி சுற்றாததற்குக் காரணம் உள்ளே இருந்தது. வைக்கோல், பதர், அவர் போட்ட மாஸ்க்கின் கிழிசல், அதற்கு நடுவே கண் திறக்காத எலிக்குட்டிகள், ரோஸ் நிறத்தில் நெளிந்துகொண்டு. நான் போட்ட கூச்சலில் எதிர்க் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். இத்தனை நாளும் இதற்கு முன்னால் உட்கார்ந்துதான் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாரா?

வெந்நீர் ஓடிக் காற்றைச் சூடாக்குகிற பெட்டி, ஹீட்டர் கோர் என்றான், அது துருப்பிடித்து அடைத்துப் போயிருக்கிறது. வேறு ஒன்று திருச்சியிலிருந்து வர வேண்டும். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறதாம். நாளைய பயணத்துக்கு எல்லாவற்றையும் பழையபடி மாட்டிக் கொடுத்தான்.

டிசம்பர் 8, ஞாயிறு

கோர் வந்துவிட்டது. நாளை டயாலிசிஸ் முடிந்து வந்ததும் வண்டியை விட வேண்டும்.

இப்போது புதுப் பயம். கொதிக்கிற தண்ணீர் அவர் காலுக்கு நேர் மேலே ஓடப் போகிறது. குழாய் பிய்ந்துகொண்டால்? ஜாஹித்திடம் போனில் கேட்டேன். "எல்லா வண்டியிலும் அப்படித்தான்க்கா ஓடுது, எத்தனை பேர் வெந்தாங்க?" என்றான். கேட்டிருக்கவே வேண்டாம்.

சாயங்காலம் நல்லக்கண்ணு மாமா வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன், எங்கள் நிலத்தையும் சேர்த்துச் சாகுபடி பார்ப்பவர். தம்பிக்குத் தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று முதலில் போய் நின்றவர் அவர்தான். சர்க்கரை இருக்கிறது, எடுக்க முடியாது என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து தம்பிக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. இளநீர் வெட்டி வருவார், தம்பி குடிக்கக் கூடாது என்று நான் சொல்வேன். கீரை பறித்து வருவார், அதுவும் கூடாது. கையில் எடுத்ததை அப்படியே திருப்பிக்கொண்டு போவார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

டிசம்பர் 11, புதன்

சூடு வந்தது!

திரும்பி வரும்போது குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் படுமே, அப்படி ஒரு காற்று. அவர் போர்வையை விலக்கிக் கைகளை நீட்டினார். அப்புறம் காலை. அப்புறம் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, நடுக்கமில்லாமல், வீடு வரை.

காலையில் ப்ளோயரை மட்டும் போட்டதற்கே முன்கண்ணாடியில் மூச்சு படியவில்லை. ரோடு முழுக்கத் தெரிந்தது. திரும்பும்போது எனக்கு வேர்த்து ஊற்றியது, ஜன்னலைத் திறக்கவில்லை. வேர்க்கட்டும். இவ்வளவு சந்தோஷமாக ஓட்டி நாளாயிற்று.

டிசம்பர் 13, வெள்ளி

நான் ஒரு முட்டாள்.

கொட்டும் மழை. திரும்பி வருகிறோம். ப்ளோயரிலிருந்து கருகல் நாற்றம். லேசாகப் புகைகூட வந்தது மாதிரி இருந்தது - வந்ததா? எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, தீ, தீ, அவ்வளவுதான். வண்டியை ஓரம் கட்டி அவரைக் கீழே இறக்கிவிட்டேன். "ஒண்ணுமில்ல மலரு, ஓட்டு" என்றார். நான் கேட்கவில்லை. ஒதுங்க ஒரு கூரை இல்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். ஒரு குடையில் இரண்டு பேர். ஜாஹித் பைக்கில் வந்து சேர்வதற்குள் அவர் தொப்பலாக நனைந்துவிட்டார்.

ஜாஹித் மூக்கை வைத்து முகர்ந்தான். "பழைய தூசிக்கா. மூலையில ஒட்டுன வைக்கோல் தூளு சூட்டுல கருகுது. ரெண்டு நாள் வரும், போயிடும்."

அவ்வளவுதான். தூசி.

இப்போது இருமுகிறார்.

டிசம்பர் 15, ஞாயிறு

காய்ச்சல். கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் மகன் பரிதிக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவன் பரீட்சையை விட்டுவிட்டு வந்து நிற்பான்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நெஞ்சில் சளி. இவருக்கு இப்படிச் சளி பிடிக்கவே விடக்கூடாது, அடுத்த தடவை நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டர் போனதும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வியாதியக்கூடத் தாங்கிடுவேன் மலரு. உன் பயத்தத்தான் தாங்க முடியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். களைத்துப் போய்ச் சொன்னார். வராண்டாவில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சரி. இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன். பயம் வந்தால் வரட்டும், எனக்குள்ளேயே கிடக்கட்டும். நாற்றம், சத்தம், புகை எது வந்தாலும் முதலில் அது என் புத்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 20, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். வழியில் ஏதோ டிக் டிக் என்று சத்தம். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சீட் பெல்ட்டின் கொக்கி கதவில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பார்த்தாயா, எவ்வளவு சுலபம்?

டிசம்பர் 23, திங்கள்

போனோம், வந்தோம். சூடு நன்றாக வருகிறது. கருகல் வாசனை சுத்தமாகப் போய்விட்டது. அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி.

வயலில் தண்ணீர் ஏறிவிட்டது. வரப்பெல்லாம் முழுகி எலிகள் மேட்டுக்கு ஏறுகின்றன. நேற்று கோழிக்கூண்டில் இரண்டு ஓடின. சாயங்காலம் மாமாவிடம் புலம்பினேன். மறுபடி வண்டிக்குள் போய்க் கூடு கட்டினால் ப்ளோயர் போச்சு, வயரை அறுத்தால் மொத்தமும் போச்சு.

"நீ ஏம்மா கவலைப்படுற? எலிய நான் பாத்துக்கறேன். முப்பது வருஷமா எலியோடதான குடித்தனம்."

பொறியோ ஒட்டுப் பலகையோ வைப்பார். எனக்காக இன்னொருவர் கவலைப்படுகிறார் என்பதே நிம்மதியாக இருக்கிறது. அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. தம்பிக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்ததே.

டிசம்பர் 25, புதன்

உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். என்னால் இப்போது எழுத முடியவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

ஐசியு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

புதன்கிழமை விடியலில் தூறல். கண்ணாடி எல்லாம் ஏற்றி, ப்ளோயரைப் போட்டு, குமிழைச் சிவப்புக்குத் திருப்பினேன். வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு வாசனை. பூண்டு அழுகின மாதிரி, லேசாக. அவரைப் பார்த்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வியாதி வந்ததிலிருந்து அவருக்குச் சோறே நாறுகிறது, எந்த வாசனையையும் கண்டுகொள்வதில்லை. நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தூசி என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

தலை வலித்தது. நெஞ்சை அழுத்திற்று. எனக்குப் பயம் வந்தால் இப்படித்தான் ஆகும், இது ஒன்றும் புதிதில்லை. ஆழமாக மூச்சை இழுத்து விட்டால் சரியாகிவிடும் என்று முன்பு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். இழுத்து இழுத்து விட்டேன். ஐயோ, இழுத்து இழுத்து விட்டேனே.

குடவாசல் தாண்டி அவர் முனகினார். "குமட்டுது மலரு." அப்போதும் நான் நிறுத்தல. அப்போதும்! கண்ணாடியத் தெறந்தா குளிரும், குளிர்ந்தா சளி பிடிக்கும், சளி பிடிச்சா நிமோனியா - இதுதான் மண்டைல ஓடுது. இன்னும் கொஞ்சம் போயிட்டேன். எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரிய வேண்டாம்.

அப்புறம் அவர் தலை என் பக்கம் சாய்ந்தது. உதடு ஒரு மாதிரி இருந்தது. பிரேக்கை மிதித்தேன். கதவு நாலையும் திறந்தேன். அவரைக் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்தேன், ஈரத் தரையில், மழையில். என்னோட மனுசன, மழையில, மறுபடியும். வாந்தி எடுத்தார். நானும் எடுத்தேன். எழுந்து நிற்க முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

முதல் டவுன் பஸ் வந்தது. மார்க்கெட்டுக்கு வெற்றிலை கொண்டுபோகிற பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒரு அம்மா அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர், "இனி எங்கயும் நிக்காது, ஆஸ்பத்திரிலதான் நிக்கும், கோவிச்சுக்காதீங்க" என்று மற்றவர்களிடம் கத்தினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "வண்டியில எலி மருந்து ஏதாவது வெச்சிருந்தீங்களா?" இல்லை என்றேன். ஜாஹித் வேலையில்தான் கோளாறு என்று எனக்கு நிச்சயம். போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "வண்டி எங்கக்கா நிக்குது?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு மாற்றுத் துணி கொண்டுவரச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பூண்டு நாற்றத்தையும் சொன்னேன்.

"மலரு... நான்தான்மா வெச்சேன்."

"எத மாமா?"

"மாத்திரைய. நெல்லு மூட்டைக்கு வைக்கிறது, வளைக்கு வைக்கிறது. வைப்பருக்குக் கீழ ஓட்டை ஓட்டையா ஒரு ஜாலி இருக்குல்ல, அதான் எலி பூர்ற வழின்னு துணியில முடிஞ்சு உள்ள வுட்டு அடைச்சேன். வரப்புல அப்படித்தானம்மா செய்வோம். மாத்திரைய வெச்சு வாய அடைச்சுடுவோம். எலிக்குத்தான்மா வெச்சேன். தம்பி மூச்சு வுடுற வழி அதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

அந்த ஜாலி வழியாகத்தான் ப்ளோயர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த மாத்திரை ஈரம் பட்டால் விஷக் காற்றைக் கக்கும். இரவெல்லாம் மழைத் தண்ணீர் அதன்மேல் வடிந்திருக்கிறது. விடிந்ததும் நான் வந்து ப்ளோயரைப் போட்டேன்.

போனில் அவர் அழுதது மனிதர் அழுகிற மாதிரியே இல்லை. என்னால் திட்டவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. வைத்துவிட்டேன்.

இதற்கு முறிவு மருந்து கிடையாதாம். இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தாறுமாறாக ஓடுகிறது, பிறகு சரியாகிறது, மறுபடி ஓடுகிறது. உள்ளே மெஷின் சத்தம் மாறினால் நான் எழுந்து நிற்கிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

துடிப்பு நேராகிவிட்டது. படுக்கையிலேயே டயாலிசிஸும் செய்துவிட்டார்கள். இட்லி கேட்டார். பாதி சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் வந்து விசாரித்தார். இவரே படுக்கையிலிருந்து சொன்னார், குரல் எழும்பாமல். "எலிக்கு வெச்சாங்க சார். தெரியாம நடந்துருச்சு. எங்க அண்ணன் மேல எதுவும் எழுதாதீங்க."

அந்த அண்ணன் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்கிறார். பகலெல்லாம் நிற்கிறார். உள்ளே வாங்க மாமா என்றால் தலையை ஆட்டுகிறார், வரவில்லை.

ஜாஹித்திடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, உங்க இடத்துல நானா இருந்தா அடிச்சிருப்பேன்" என்றான். வண்டியைக் கண்டதும் அவன் கை வைக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் முகமூடி போட்டு அந்தத் துணி முடிச்சை எடுத்துப் போனார்களாம். இப்போது ப்ளோயர் பெட்டியை மொத்தமாகக் கழற்றிக் கழுவி, வண்டியின் கதவுகளை எல்லாம் திறந்து வெயிலில் போட்டிருக்கிறான்.

ஜனவரி 3, வெள்ளி

ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸை முடித்துக்கொண்டு வீடு வந்தோம். ஆம்புலன்ஸில். புது வருஷம் எப்போது பிறந்ததென்றே தெரியவில்லை.

ஜனவரி 6, திங்கள்

சுமோவில் முதல் பயணம். ஜாலிக்கு மேல் ஜாஹித் எலி நுழையாத கம்பி வலை அடித்திருக்கிறான். காற்று இழுக்கிற பெட்டி புதுசு மாதிரி இருக்கிறது. நான் முகர்ந்து பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை.

கண்ணாடியை ஏற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்."

"குளிருங்க."

"வேண்டாம் மலரு. ஹீட்டரும் வேண்டாம்."

அவர் பக்கம், என் பக்கம், பின்னால், எல்லாக் கண்ணாடியும் இறங்கியிருந்தது. பனி நேராக முகத்தில் அடித்தது. திரும்பும்போது நடுக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. குமிழ்மேல் கை வைத்தேன். கத்தினார். என்னிடம் அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"வாசனை வருதுடி! உனக்கு வரல?"

வரவில்லை. எதுவும் வரவில்லை.

ஜனவரி 8, புதன்

அதே.

ஜனவரி 10, வெள்ளி

ஜாஹித்தை வீட்டுக்கே வரவழைத்தேன். விளக்கிச் சொன்னான், கழற்றிக் காட்டினான். எல்லாம் புரிகிறது என்று தலையாட்டினார். வண்டியில் ஏறியதும் முதல் வேலையாகக் கண்ணாடியை இறக்கினார்.

இருமல் ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். குளிர்காற்று படாமல் கூட்டிக்கொண்டு வாங்கம்மா, இந்த மாதத்தைத் தாண்டினால் போதும் என்றார். எப்படிக் கூட்டிக்கொண்டு வர? இந்த மனிதர் தேரோட்டக் கூட்டத்தில் வடம் பிடித்து முன்னால் நின்றவர். வெள்ளத்தில் மாட்டைப் பிடிக்க ஆற்றில் குதித்தவர். இப்போது ஒரு ஜன்னல் கண்ணாடிக்கு நடுங்குகிறார்.

ஜனவரி 12, ஞாயிறு

ஒன்றுமில்லை, பயப்படாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அது எத்தனை உதவாத வார்த்தை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? வாழ்நாளெல்லாம் எல்லோரும் எனக்கு அதைத்தானே சொன்னார்கள். ஒரு நாளாவது கேட்டேனா?

அவர் இருமும்போது தூங்குகிற பாவனையில் கிடக்கிறேன். எனக்கு வேறு எந்தப் பயமும் இல்லை இப்போது. ஆறு, லாரி, சிலிண்டர், எதுவும் இல்லை. இந்த இருமல் ஒன்றுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மாமா வரவில்லை. அவர் மனைவி, அக்கா மட்டும் புது அரிசியும் வாழைத்தாரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்புடுறதில்ல, யார்கிட்டயும் பேசுறதில்ல. வயலுக்குப் போறாரு, வர்றாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

ஜனவரி 15, புதன்

போனோம், வந்தோம். ஜன்னல் திறந்தபடி. இருமலில் சளி கட்டியிருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

விடியுமுன் எழுந்தேன். இவர் எழுந்து பல் தேய்க்கும்போதே நான் போய் சுமோவைக் களத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். இன்ஜினை ஓடவிட்டேன். கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றினேன். ப்ளோயரை முழுசாக வைத்தேன். சிவப்புக்குத் திருப்பினேன். உட்கார்ந்தேன்.

தைரியமாக ஒன்றும் உட்காரவில்லை. முதல் காற்று முகத்தில் பட்டதும் கை தானாகக் கதவுக்குப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பூண்டு வாசனை வருகிற மாதிரியே இருந்தது. வரவில்லை, வருகிற மாதிரி இருந்தது. மூச்சை விட்டேன், இழுத்தேன்.

அவர் வாசலுக்கு வந்துவிட்டார். போர்வையும் குல்லாவுமாக. நான் என்ன செய்கிறேன் என்று புரிந்ததும், "மலரு, இறங்கு" என்றார். கண்ணாடிக்குள் சத்தம் கேட்கவில்லை, வாயசைவு தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன். மறுபடி ஏதோ சொன்னார். படியிறங்கி வந்து பாதியில் நின்றுவிட்டார்.

அப்போது பின்கதவு திறந்தது. துள்ளிவிட்டேன். நல்லக்கண்ணு மாமா. வயலுக்குப் போகிற வழியில் வந்திருக்க வேண்டும், காலெல்லாம் சேறு. என்னையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார். பிறகு கதவை இழுத்துப் பார்த்தார், சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் வேர்த்து வழிந்தது. மாமா துண்டை எடுத்து முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டார், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மாமாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். சாகத் தயாராக வந்து உட்கார்ந்த முகம் அது.

"ஒண்ணும் இல்ல மாமா. இது நல்ல காத்துதான்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

இவர் களத்தில் நின்றுகொண்டே இருந்தார். கிழக்கு வெளுத்தது. அக்கம்பக்கத்தில் கோலம் போட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு இருமல் வந்தது அவருக்கு, குனிந்து இருமினார், நிமிர்ந்தார். நடந்து வந்து முன்கதவைத் திறந்தார். குப்பென்று வெளிக் குளிர் உள்ளே வந்தது. ஏறினார். கதவைச் சாத்தினார். கண்ணாடியை இறக்கும் கைப்பிடியில் அவர் கை இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை அங்கேயே இருந்தது. சுற்றவில்லை.

நான் வண்டியை எடுத்தேன்.

நன்னிலம் தாண்டினோம். அவருக்கு வேகவேகமாக மூச்சு வாங்கியது, எனக்கும்தான். குடவாசல் பாலம் வந்ததும் கை கைப்பிடியிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது. அப்புறம் திரும்பாமலே கேட்டார்.

"அண்ணே, பின்னாடி உனக்குச் சூடு வருதா?"

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வருதுடா தம்பி. நல்லா வருது."

அதற்கப்புறம் கும்பகோணம் வரை அவர்கள் இரண்டு பேரும் சம்பா அறுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.